மாங்க்கே: 'குறை'யும் 'தவறு'ம் வழியாக ஒரு பிரெஞ்சு வினை

நான்கு வாரப் பயிற்சிக்கு எடுத்தது ஒரே வினைச்சொல்: மாங்க்கே. வாக்கியத்துக்கு ஒரு அட்டை என நாற்பது அட்டைகள். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் பிரெஞ்சு. நாளுக்குப் பத்து. முதல் சில நாள் 'மிஸ் பண்ணுதல்' என்று ஒரே பொருளை எழுதி வைத்ததில், "உன்னை மிஸ் பண்ணுகிறேன்" என்பதற்கு "ஜ த மாங்க்" என்றே வாயில் வந்தது. அதற்குப் பொருள் நேர்மாறு: 'நான் இல்லாதது உனக்குக் குறை'. சரியானது "த்யூ ம மாங்க்". அன்றோடு 'மிஸ்' அட்டைகளைத் தூக்கிப் போட்டாயிற்று.

உச்சரிப்பை முதலிலேயே சரிசெய்துவிடுவது நல்லது. 'மாங்காய்' என்று சொல்லும்போது வரும் மெலிந்த 'க' இங்கே கூடாது. 'பக்கம்' என்பதில் வரும் வல்லின ஒலி வேண்டும். முன்னால் வரும் 'ங்' தனி எழுத்தாக ஒலிக்காது. நாக்கு எங்கும் ஒட்டாமல், உயிரொலி மட்டும் மூக்கு வழியாக வர வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் 'குறை' என்ற தமிழ் வினையை வைத்து அட்டைகளைத் திருப்பி எழுதியதும் பாதி வேலை முடிந்தது. "எனக்குக் குறைகிறது" என்பதில் குறையும் பொருள்தான் எழுவாய், ஆளுக்கு 'கு' உருபு. "த்யூ ம மாங்க்" அப்படியே இதே அமைப்பு: நீ இல்லாத குறை எனக்கு. "மே பராங் ம மாங்க்" என்றால் பெற்றோர் இல்லாத குறை. எழுவாய் பன்மை என்பதால் எழுத்தில் வினையும் பன்மை வடிவம் பெறும், ஒலி மாறாது. "இல் மாங்க் அன் பூத்தோன் அ தா ஷமீஸ்" என்பது உன் சட்டைக்கு ஒரு பட்டன் குறைகிறது. "இல் ந மாங்க்கே ப்ளியூ க சா!" என்பதற்கு நம் வீடுகளில் சொல்லும் "இது ஒண்ணுதான் குறைச்சல்!" கச்சிதமாகப் பொருந்துகிறது.

காதுக்குக் குழப்பம் தருவது "இல் ம மாங்க்". அங்கேயே நின்றால், அவன் இல்லாத குறை எனக்கு. "த்ருவா பாஜ்" என்று தொடர்ந்தால், எனக்கு மூன்று பக்கங்கள் குறைகின்றன. இந்த இரண்டாவதில் 'இல்' வெறும் இடநிரப்பி. பக்கம் எத்தனையானாலும் வினை ஒருமைதான். பெயர்ச்சொல்லை விட்டு எண்ணை மட்டும் சொன்னால் 'ஆங்' ('அவற்றில்') சேர்க்காமல் முடியாது: "இல் மாங் மாங்க் த்ருவா".

தமிழ் வழி சறுக்கும் இடம் உப்பு. "லா சூப் மாங்க் த செல்" என்பதில் எழுவாய் சூப். 'த' மட்டும் வரும், அதோடு சார்படை (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ல', 'லா' போன்ற சிறு சொல்) சேராது. "இல் மாங்க் த்யூ செல்" என்று பொதுப்படச் சொன்னால் சார்படை வந்தே ஆக வேண்டும். இரண்டையும் கலந்து "லா சூப் மாங்க் த்யூ செல்" என்று சொல்வதுதான் அதிகம் நடக்கிற பிழை. இந்த ஜோடியை ஒரே அட்டையின் இரு வரிகளாக எழுதினால்தான் நிற்கிறது. தனித்தனி அட்டையில் வைத்தது பயன்படவில்லை.

மூன்றாம் வாரம் 'தவறு'. "ஜே மாங்க்கே ல த்ரேன்" என்றால் ரயிலைத் தவறவிட்டேன். பேச்சில் இதற்கு 'ரத்தே' அதிகம் வரும், இன்னும் நெருக்கமான பேச்சில் 'லூப்பே'. ஆனால் ஒருவர் இல்லாத ஏக்கத்துக்கு இந்த இரண்டும் உதவா. (கியூபெக்கில் அந்த ஏக்கத்துக்கு "ஜ மான்னுயி த துவா" என்றும் சொல்வார்கள்.) "மாங்க்கே அ சா பரோல்" என்பது சொல் தவறுதல். "இல் ஆ மாங்க்கே த தோம்பே" என்பது விழத் தெரிந்தான், விழவில்லை.

எழுத்தில் மட்டும் தெரியும் ஒரு நுட்பம், பிரெஞ்சுக்காரர்களும் சில சமயம் தவறவிடுவது: ஒரு பெண் "த்யூ மா மாங்க்கே" என்று ஏக்கத்தோடு எழுதினால், வினையெச்சத்தின் கடைசியில் பெண்பால் எழுத்து சேராது, ஏனெனில் அந்த 'ம' என்பதற்கு 'எனக்கு' என்று பொருள். குண்டு அவள்மேல் படாமல் போனது என்று எழுதினால் சேரும், அங்கே 'ம' 'என்னை'. உருபை 'கு'வா 'ஐ'யா என்று தமிழில் கேட்டுப் பார்த்தால் விடை உடனே கிடைக்கும். துணைவினை எல்லாப் பொருளுக்கும் 'அவுவார்' மட்டுமே, அது ஒரு நிம்மதி.

சொல்லின் வேர் லத்தீன் 'மாங்குஸ்', ஊனமுற்ற என்று பொருள். இத்தாலியன் 'மங்காரே' வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது. குறைதான் மூலம் என்பது இதிலும் தெரிகிறது.

நான்காம் வார முடிவில் கையை விட்டுப் போகாமல் தொடர்ந்து கேட்கும் அட்டைகள் இரண்டு: மேலே சொன்ன உப்பு ஜோடி, அப்புறம் "ஜ நீ மாங்க்ரே பா". பின்னது, கேட்டுக்கொண்ட காரியத்தைக் கட்டாயம் செய்கிறேன் என்று உறுதி தரும் பதில். இதில் 'நீ'க்குள் இருக்கும் 'ஈ' (அந்தக் காரியத்தைச் சுட்டும் சொல்) சொல்லும்போது விட்டுப் போய்விடுகிறது. அடுத்த வாரம் இந்த இரண்டும் நாளுக்கு இருமுறை.