அதே 24 வோல்ட், அதே 3.75 ஆம்பியர், ஆனாலும் கோப்பு திரும்பி வந்தது

பாதுகாப்புச் சான்று பெற்ற எங்கள் மோட்டார் கருவியோடு வந்த பழைய அடாப்டரின் உற்பத்தி நின்றுபோனதால் மாற்று தேட வேண்டியதாயிற்று. கிடைத்தது 24 வோல்ட், 3.75 ஆம்பியர். பிளக் அதே 5.5 × 2.5 மி.மீ., நடுமுனை பாசிட்டிவ், கிளாஸ் 2 (எர்த் இணைப்பு தேவையில்லாத வகை). மின்னணுக் கருவிகளின் பாதுகாப்புத் தரநிலையான ஐஈசி 62368-1-இன்படி, பல நாடுகளின் ஆய்வகங்கள் ஏற்கும் சிபி சான்றிதழும் கையில் இருந்தது. எங்கள் சான்றிதழ்க் கோப்பின் முக்கியப் பாகங்கள் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்று நம்பிச் சோதனை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஆய்வகம் திருப்பி அனுப்பியது: புதிய அடாப்டர் எல்பிஎஸ் (தரக்கூடிய மின்சக்திக்கு உச்சவரம்பு உள்ள மின்மூலம்) இல்லை.

பெயர்ப்பலகையில் 90 வாட் என்று இருந்தால் எல்பிஎஸ் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் தவறு. 90 வாட் என்பது தொடர்ந்து எடுக்கக்கூடிய அளவு. ஆய்வகம் பார்ப்பது, இழுத்தால் எவ்வளவு வரும் என்பதை. எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள அடாப்டரில், 30 வோல்ட் வரைக்கும், 5 விநாடிக்குப் பிறகு 8 ஆம்பியரையும் 100 விஏ-வையும் (வோல்ட்-ஆம்பியர்) தாண்டக் கூடாது. உள்ளே ஒரு பாகம் பழுதானாலும் இதே வரம்புதான். எலக்ட்ரானிக் லோடை (வேண்டிய அளவு மின்னோட்டத்தை இழுக்கும் சோதனைக் கருவி) மெதுவாக ஏற்றிப் பார்த்தோம். 24.2 வோல்ட்டில் 4.9 ஆம்பியர், கிட்டத்தட்ட 119 வாட், வெட்டாமல் வந்துகொண்டே இருந்தது.

இது வெறும் காகிதச் சண்டை அல்ல. எங்கள் கருவியின் கூடு எச்பி தர பிளாஸ்டிக், அதாவது மெதுவாக எரியும், தானாக அணையும் என்ற உறுதி இல்லாத வகை. உள்ளே வருவது எல்பிஎஸ் என்ற ஒரே காரணத்தால்தான் பழைய ரிப்போர்ட்டில் தீத்தடுப்புக் கூடு கேட்கப்படவில்லை. 100 வாட்டைத் தாண்டினால் சுற்று, தரநிலையின் மிக உயர்ந்த மின்சக்தி வகுப்பான பிஎஸ்3 ஆகிவிடும். அப்போது கூடு குறைந்தது வி-1 (தானாக அணையும் தரம்) ஆக வேண்டும். காற்றுத் துளைகளின் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் அதைத் தாங்கி நிறுத்தும் வேலையே அந்தக் கூட்டுக்குத் தரப்படவில்லை என்னும்போது, ஆய்வகம் மறுத்தது முழுக்க நியாயம்.

ஜாக்குக்கு அடுத்து 4 ஆம்பியர் ஃபியூஸ் வைக்கும் வழியையும் யோசித்தோம். ஃபியூஸ் ரேட்டிங் 100-ஐ வோல்ட்டால் வகுத்த அளவுக்குள், அதாவது 24 வோல்ட்டுக்கு 4.16 ஆம்பியருக்குள் இருந்தால் அதற்கும் விதியில் இடம் உண்டு. ஆனால் ஃபியூஸுக்கு முந்தைய ஜாக்கும் செம்புத் தடமும் அப்போதும் பிஎஸ்3 தான். போர்டும் மாறும். அதைக் கைவிட்டோம்.

அதே மாடலிலேயே எல்பிஎஸ் வகை தனியாக இருக்கிறது என்று சப்ளையர் அப்போதுதான் சொன்னார். பெயரின் கடைசியில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. முதல் கடிதத்திலேயே நாங்கள் கேட்டிருந்தால் ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். சான்றிதழின் முதல் பக்கத்தை மட்டும் வாங்காதீர்கள். முழு ரிப்போர்ட்டையும் கேளுங்கள். மாடல் அட்டவணையில் உங்கள் மாடலின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, இணைப்பு க்யூ (எல்பிஎஸ் வரம்புகளைச் சொல்லும் பகுதி) சோதனையின் அளவுகள் அந்த மாடலுக்கே உரியவையா, அனுமதித்த சுற்றுப்புற வெப்பம் உங்கள் கருவியின் வெப்ப வரம்புக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு 40 டிகிரி தேவை, இதிலும் 40 டிகிரி. மயிரிழையில் தப்பினோம்.

எல்பிஎஸ் வகை வந்ததும் வேறு சிக்கல். மோட்டார் கிளம்பும்போது அடாப்டர் வெட்டிவிட்டு மீண்டும் எழ முயன்றது. பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பழையது தொடக்க இழுப்பைத் தாங்கியது, புதியது தாங்கவில்லை. மோட்டாரின் வேக ஏற்ற நேரத்தை 20 மில்லிவிநாடியிலிருந்து 150 ஆக்கியதும் அந்தச் சிக்கல் நின்றது. புதிய அடாப்டரை மேசையில் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். மோட்டாரைப் பிடித்துக்கொண்டு, குறைந்த மின்னழுத்தத்தில், குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பிப் பாருங்கள்.

இஎம்சி (மின்காந்த இடையூறு) மறுசோதனை ஒரே நாளில் முடிந்தது. பிறகும் ஒருமுறை கோப்பு திரும்பியது, காரணம் கையேடு. “இந்த அடாப்டரை மட்டுமே பயன்படுத்தவும்” என்ற வரியில் பழைய மாடல் பெயர் அப்படியே இருந்தது. அதைத் திருத்தியபோது, இரண்டாவது தயாரிப்பாளரின் எல்பிஎஸ் அடாப்டர் ஒன்றையும் அளந்து பட்டியலில் சேர்த்துவிட்டோம். 24.1 வோல்ட்டில் 4.0 ஆம்பியர், அதற்கு மேல் ஒரு துளியும் தரவில்லை.