பெட் காலியாகத்தான் இருந்தது

ஐந்தாம் சக்கரம் எங்கே என்று ‘ஃபிஃப்த் வீல்’ என்று விற்கப்படும் எங்கள் டிரெய்லரை, டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்கும் அந்தப் பயண வீட்டை, சுற்றி வந்து எண்ணிப் பார்த்த ஒரே மனிதர் அப்பாதான். நான்கு சக்கரங்களுக்கு மேல் அகப்படாததால், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றே முடிவுக்கு வந்திருந்தார். அந்தக் காலத்துக் குதிரை வண்டிகளில், முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கைவாட்டில் வைத்த வளையத்துக்குத்தான் ஃபிஃப்த் வீல் என்று பெயர், அதுவே டிரெய்லரை டிரக்கில் மாட்டும் நம் கொக்கிக்கும் ஒட்டிக்கொண்டது என்று விளக்கினேன். "இல்லாத சக்கரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறாய்" என்றார். முப்பது வருடம் ஈரோட்டுப் பக்கம் டிக்கெட் கிழித்தவரிடம் கணக்கில் ஜெயிக்க முடியாது.

அதே அப்பாவுக்கு ‘பின் வெயிட்’ (pin weight) என்ற முன்பாரக் கணக்கு மட்டும் சொல்லாமலே விளங்கிவிட்டது. டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் முதுகில் உட்கார வேண்டும். எங்களுடையது 9,000 பவுண்டு என்றால் 1,800 பவுண்டு. "மாட்டு வண்டியில் முன்பாரம் குறைந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும், அதுதானே கண்ணு?" என்றார். அதுவேதான். ஆறு மாதம் வீடியோ பார்த்து நான் புரிந்துகொண்டது இதைத்தான்.

சிக்கல் என் மனைவி தங்கமணியிடமிருந்து வந்தது. பழைய ஹிட்ச், அதாவது அந்தக் கொக்கி, 150 பவுண்டு இரும்பு. டிரக்கின் பெட்டில், அதாவது பின்பக்கச் சாமான் தொட்டியில், நட்ட நடுவே பண்ணையார் போல வருடம் முழுவதும் அது உட்கார்ந்திருந்ததால், எரு மூட்டையோ அவள் தம்பியின் சோபாவோ எதுவும் ஏறவில்லை. கழற்றிவைக்க இரண்டு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது தடவையே முதுகுவலியைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டார். "ஆறரை அடி பெட் வாங்கி அதில் ஆறரை அடிக்கும் நடுவில் ஒரு இரும்பை வளர்க்கிறீர்கள்" என்று தினமும் அர்ச்சனை நடந்தது. கடைசியில் 35 பவுண்டு அலுமினிய ஹிட்ச் ஒன்றை வாங்கினேன். பெட்டின் தரைக் குழியில் நிற்கும் கூஸ்நெக் பால் (ball) என்ற இரும்பு உருண்டையின் மேல் அதை முடுக்கிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழற்றி, அந்த உருண்டையையும் தலைகீழாகக் குழிக்குள் போட்டுவிட்டால் தரை சமமாகிவிடும். ஒரே ஆள், ஐந்து நிமிடம். அன்று மாலை எனக்குக் கேட்காமலே பஜ்ஜி கிடைத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சனிக்கிழமை இங்கே டெக்சாஸில் உள்ள இங்க்ஸ் லேக் ஏரிக்குப் போவதாகத் திட்டம். டிரெய்லர், ஆஸ்டினுக்கு வெளியே வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடத்தில் நிற்கிறது. வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். ஐஸ் பெட்டியையும் ஜெனரேட்டரையும் கேபினை ஒட்டி அடுக்கினேன். விடியற்காலையிலேயே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்த அப்பா, கிரைண்டர் இல்லாமல் ஏரிக்கரைக்கு வரமாட்டேன் என்றார். தங்கமணி அதையும் ஏற்றி ஓர் இடத்தில் வைத்தாள்.

நிறுத்துமிடத்தில் டெயில்கேட்டை இறக்கி, அப்பாவின் "வா, வா, வா" என்ற குரலை நம்பி ரிவர்ஸ் எடுத்தேன். டிரெய்லரின் மூக்கிலிருந்து தொங்கும், ஹிட்சில் மாட்ட வேண்டிய இரண்டு அங்குலத் தடிமன் ஆணியான கிங்பின், கிரீஸ் மினுமினுக்க, டெயில்கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. திடீரென்று விசில். அவர் விசிலை அமெரிக்காவுக்கும் கொண்டுவந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இறங்கிப் பார்த்தால், ஹிட்ச் இருக்க வேண்டிய இடத்தில், அந்தக் குழியின் மேலேயே, கிரைண்டர் நின்றுகொண்டிருந்தது. கிங்பினுக்கும் அதன் மூடிக்கும் ஒரு சாண் இடைவெளி.

"கொக்கி எங்கே கண்ணு?"

கராஜில், அரிசி மூட்டைக்குப் பின்னால், கிரீஸ் ஒட்டாமலிருக்க என் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு பத்திரமாக இருந்தது.

"இவ்வளவு இடம் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன்" என்றாள் தங்கமணி, மிக அமைதியாக. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று அப்பா தொடங்கியபோது, சாமான்களையும் அவர்கள் இருவரையும் அங்கேயே இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன். போகவர எண்பது நிமிடம், காலி பெட்டோடு. அதில் அன்று எத்தனை சோபா வேண்டுமானாலும் ஏற்றியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது டிரெய்லரின் மூக்கு நிழலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கமணி மாவை வழித்து ஊற்ற, அப்பா கல்லைக் கழுவினார். காவலாளி தூரத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் ஹிட்சை முடுக்கி, டிரெய்லரை மாட்டி, அதன் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பிடிப்பைச் சோதித்து, டிரெய்லரைத் தாங்கி நின்ற முன்கால்களைத் தூக்கி முடித்தேன். டிரெய்லரின் மூக்கு இப்போது பெட்டின் மேல் கவிந்துகொண்டது. வண்டி திரும்பும்போது அந்த மூக்கு பக்கவாட்டில் ஆடும் என்பதால் கிரைண்டரை வேறு வழியின்றி டிரெய்லருக்குள் படுக்கவைத்தோம். மாவுத் தூக்கை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. பின்சீட்டில் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"போலாம் ரைட்" என்றவர், நெடுஞ்சாலை ஏறியதும் சொன்னார்: "தளும்புகிறது கண்ணு, மெதுவாகப் போ."