ஹை-ஹாட் பக்கத்துக் காது

காது பரிசோதனை செய்தவர் முடிவைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "நீங்க வலது கைக்காரரா?" காதுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காதுக்கொரு கோடாகக் காட்டும் ஆடியோகிராம் தாளை என் பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகளும் ஒழுங்காகப் போய், 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் குழியில் விழுந்து, 8000-இல் மறுபடி ஏறியிருந்தன. இடது காதின் குழி மட்டும் இன்னும் ஆழம். "டிரம்ஸ் வாசிக்கிறேன்னு எழுதியிருக்கீங்க. ஹை-ஹாட் இடது பக்கம்தானே வரும்?"

பதினொரு வருடங்களாக அந்த இரண்டு பித்தளைத் தட்டுகளும் என் இடது காதிலிருந்து கை எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

வாசித்துவிட்டு வந்த இரவுகளில் காதுக்குள் 'ஙொய்ங்' என்று ஓடிக்கொண்டிருக்கும். தலையணையில் சாய்ந்தால் இன்னும் துல்லியமாகக் கேட்கும். காலையில் போய்விடும், போய்விட்டால் காது தேறிவிட்டது என்று கணக்கு வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நன்றாக வாசித்த இரவுக்கு அது ஒரு முத்திரை என்றுகூட எடுத்துக்கொண்டேன். ஒருமுறை மூன்று நாளாகியும் போகவில்லை. அப்போதுதான் பரிசோதனைக்கே போனேன். 2009-இல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். சத்தத்துக்குப் பின் எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பியிருந்தது. ஆனால் உட்காதின் செல்களையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பாதிக்கு மேல் சில இடங்களில் அழிந்திருந்தன. என் கணக்கு அங்கேயே உடைந்தது.

அடுத்த ரிகர்சலில் போனில் டெசிபல் காட்டும் ஆப்பைக் காதுக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். 103. அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கும் உச்சவரம்பு 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி நேரம், 100-க்குப் பதினைந்தே நிமிடம். 103-க்கு ஏழரை நிமிடம். எங்கள் ரிகர்சல் மூன்று மணி நேரம். போன் மைக் சொல்வது துல்லியமாக இராது என்று கொஞ்சம் தள்ளிக்கொடுத்தாலும் நிலைமை ஒன்றும் மாறிவிடாது.

சரி, காதில் பிளக் போட வேண்டியதுதான் என்று நுரையால் ஆன சாதாரண பிளக்கைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கொடுமை. நுரை, உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகமாக விழுங்கும். சிம்பல் தட்டுகளின் ஒலி காணாமல் போனது. காலால் அடிக்கும் கிக் டிரம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து முட்டியது. எதுவும் கேட்கவில்லையே என்று என்னை அறியாமல் ஓங்கி அடித்து, மறுநாள் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். இசைக்கலைஞர்களுக்கென்று ஃபில்டர் வைத்த பிளக் உண்டு. எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். 15 டெசிபல் ஃபில்டர் வாங்கினேன். 100 என்பது காதுக்குள் 85 ஆகிறது, அதாவது பதினைந்து நிமிடம் எட்டு மணி நேரமாகிறது. ஆனால் ஒழுங்காகப் போட்டால்தான். காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆழமாகச் செருக வேண்டும். நான் இரண்டு வாரம் பாதிதான் உள்ளே விட்டு, 'இது ஒன்றும் குறைக்கவில்லையே' என்று திட்டிக்கொண்டிருந்தேன். பழக ஒரு மாதம் ஆனது. அப்புறம் ஒரு வேடிக்கை: பேஸ் வாசிப்பவன் எந்த இடத்தில் பிந்துகிறான் என்பது முன்பைவிடத் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

எங்கள் இசையை நாங்களே கேட்கக் காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர் வைத்து வாசிக்கும் மேடைகளில் கூட்டத்தின் சத்தம் கேட்கட்டும் என்று ஒரு பக்கத்தைக் கழற்றித் தொங்கவிடுவேன். ஒரு காதில் மட்டும் கேட்டால் சத்தம் குறைவாகத் தெரியும், அதனால் அதன் வால்யூமை ஏற்றுவோம். திறந்த காது சிம்பலுக்கு நேராக இருக்கும். நான் கழற்றியது எப்போதும் இடது பக்கத்தைத்தான்.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது ஒரு மரக்கட்டை. எங்கள் கிட்டாரிஸ்ட்டின் ஆம்ப், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, தரையில் இருந்தது. ஸ்பீக்கரின் கூர்மையான ஒலிகள் நேர்கோட்டில் பாயும். அவன் முழங்காலுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். அவனுக்குக் கேட்கவில்லை என்று ஏற்றுவான், அவனுக்காக நான் ஓங்குவேன், பாடுகிறவள் தன் குரல் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரை ஏற்றச் சொல்வாள். ஆம்புக்கு முன்பக்கம் கட்டையை முட்டுக்கொடுத்து அவன் முகத்தைப் பார்க்கச் சாய்த்தேன். முதல் பாட்டிலேயே, "டேய், யார்ரா இதை இவ்ளோ ஏத்தி வச்சது?" என்று அவனே குறைத்தான். மூன்று வருடம் கெஞ்சியும் குறைக்காதவன்.

உட்காதில் ஒலியை உணரும் முடி-செல்கள் செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே அந்தக் குழி அப்படியேதான் இருக்கிறது, கடந்த இரண்டு பரிசோதனைகளில் ஆழமாகவில்லை. இடது காதின் ரீங்காரமும் இருக்கிறது. ஒருநாள் ரிகர்சல் முடிந்த அமைதியில் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி அதைத் தேடினேன். 88 கட்டைகளில் கடைசிக் கட்டை, 4186 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதேதான். கீபோர்டு வாசிப்பவள் இப்போது அந்தக் கட்டைக்கு என் பெயரை வைத்திருக்கிறாள். எங்கள் பாட்டு எதிலும் அது வருவதில்லை.