சுங்கை சிப்புட்டில் இருட்டை அளந்த கதை

ஒரு டிஎஸ்எல்237 ஒளி சென்சார், வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி8266 குட்டிக் கணினி போர்டு, பழைய போன் சார்ஜர், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, இவ்வளவு இருந்தால் வானம் எத்தனை இருட்டு என்று அளந்துவிடலாம். வான இருட்டை அளக்கவென்றே கடையில் விற்கும் எஸ்க்யூஎம் (ஸ்கை குவாலிட்டி மீட்டர்) கருவிக்குள் இருப்பதும் இதே சென்சார்தான். அகச்சிவப்பையும் சேர்த்து விழுங்கிவிடும் என்பதால் மேலே அதைத் தடுக்கும் ஐஆர் கட் ஃபில்டர் கட்டாயம் வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஏற்ப இது துடிப்புகளை அனுப்பும். பகலில் விநாடிக்கு லட்சக்கணக்கில் வருவது நல்ல இருட்டில் அடுத்த துடிப்புக்குச் சில விநாடி காக்க வைக்கும், அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள நேரத்தை அளக்கும்படி புரோகிராம் எழுதினேன். போர்டில் மினுக்கும் நீல எல்இடி மேல் கறுப்பு டேப். நண்பர் ஒருவரின் எஸ்க்யூஎம்மை இரவல் வாங்கி, நிலா இல்லாத இரவுகளில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்தேன். அளவு, சதுர ஆர்க்செகண்டுக்கு (வானத்தின் ஒரு துளி பரப்புக்கு) இத்தனை மேக்னிட்யூட் (வானியலில் வெளிச்சத்தைச் சொல்லும் எண்) என்று வரும். எண் கூடினால் இருட்டு கூடுகிறது. மனித வெளிச்சமே இல்லாத வானம் 22-ஐ நெருங்கும், பெரிய நகரம் 17, 18.

கூரையில் ஏற்றப் போனபோது அம்மா, "இடி இழுக்காதா தம்பி?" என்று கேட்டார். இடி ஒன்றும் செய்யவில்லை, ஈரம்தான் பாடாய்ப் படுத்தியது. விடியற்காலையில் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடித்து எண் கண்டபடி ஆடும். சிலிக்கா ஜெல் போட்டு, பெட்டியின் ஓரங்களில் சிலிகான் பூசிய பிறகுதான் அடங்கியது. அப்புறம் எறும்பு.

நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடியும், எட்டே முக்காலுக்கு மேல் வருவதை நம்பலாம். தெளிந்த இரவில் 19.8 வரை போகிறது. மேகம் மூடினால் இன்னும் இருட்டும் என்றுதானே நினைப்போம்? டவுன் விளக்கை மேகம் திருப்பி அடித்து 18.3-க்கு இறக்கிவிடுகிறது, அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம். பூப்பந்து கோர்ட் விளக்கை அணைக்கும் நேரம்கூட வரைபடத்தில் படிக்கட்டு மாதிரி தெரிகிறது, யார் சீக்கிரம் கிளம்பினார்கள் என்று வீட்டிலிருந்தே சொல்லலாம். தெற்கே ஈப்போ பக்கத்து மங்கல் வெளிச்சத்தை மட்டும் தனியாகப் பிரிக்க முடியவில்லை, சென்சார் தலைக்கு நேர் மேலே பார்க்கிறது.

அடுத்த பெட்டி செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே. அங்கே வைஃபை கிடையாது, லோரா என்ற தொலைதூர ரேடியோவும் சோலாரும்தான் வழி. மேனேஜர் சரி சொல்லிவிட்டார், குரங்கு எட்டாத கம்பமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.