அந்தமானிலிருந்து மடிக்குழந்தையோடு திரும்பியது

குழந்தையோடு விமானம் ஏறுவதற்கு ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எல்லாம் கிளம்பும் நாளுக்கானவை. திரும்பும் நாளில் பிஸ்கட் தீர்ந்திருக்கும், துவைத்த துணி இருக்காது, குழந்தைக்குத் தூக்கம் கெட்டிருக்கும். ஒன்றரை வயது மகளோடு அந்தமான் போய் வந்த பிறகு நான் சொல்வது இதுதான்: திரும்பும் பயணத்தை முதலில் திட்டமிடுங்கள்.

அங்கே தூக்கம் கெடுவதற்குக் கடிகாரமே காரணம். அந்தமான் சென்னைக்கு வெகு கிழக்கே இருந்தாலும் நேரம் ஒன்றுதான். அதனால் சூரியன் ஏறத்தாழ 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. காலை ஐந்து மணிக்கே வெளிச்சம், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சூரியனோடு எழுந்த மகளுக்குப் பதினோரு மணிக்கே கண் சொக்கியது. அந்த நேரத்துக்கு ஏற்ற விமானமாகப் பார்த்து எடுத்தோம். கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஹேவ்லாக் தீவிலிருந்து முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிட்டோம்.

பெட்டி கட்டும்போது அவளுடைய அரைக்கால் சட்டைப் பையைத் துழாவினால், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பவளத்துண்டு. மணலில் பொறுக்கியிருக்கிறாள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. செத்துக் கரை ஒதுங்கியது என்றாலும் எடுத்துவரக் கூடாது. பிடுங்கியதற்கு அழுகை, ஒரு வாழைப்பழத்தில் முடிந்தது. 2023இல் திறந்த விமான நிலையக் கட்டடமோ சிப்பி வடிவத்திலேயே நிற்கிறது!

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். வயதுக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள், காட்டினோம். நாத்தனாரும் கைக்குழந்தையோடு வந்தார், ஆனால் எங்களை ஒரே வரிசையில் உட்கார விடவில்லை. மூன்று இருக்கைக்கு நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்குமாம். பாதுகாப்புச் சோதனையில் தள்ளுவண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் விட்டோம். பாலையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நினைத்தபடியே, விமானம் மேலேறியதும் தூங்கிவிட்டாள். சிக்கல் அதிலேயே இருந்தது. ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் விழுங்கும்போது திறக்கும். தூக்கத்தில் குழந்தை அதிகம் விழுங்காது. எழுப்பினால் கத்துவாள், எழுப்பாவிட்டால் காது வலித்துக் கத்துவாள்.

பக்கத்து இருக்கையில் போர்ட் பிளேரில் குடியிருக்கும் தமிழ் அம்மா ஒருவர், சென்னையில் மகன் வீட்டுக்குப் போகிறவர். "எழுப்பிடும்மா. அழுதாலும் எச்சில் விழுங்கும், நல்லதுதான். உடனே மார்பில் போடு" என்றார். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது எழுப்பினேன். இரண்டு நிமிடம் விமானமே எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அந்த அம்மா தன் முந்தானையை இழுத்து மறைவு கட்டிக் கொடுத்தார். பிறகு குடிக்கத் தொடங்கினாள். சக்கரம் தரையைத் தொடும்வரை, ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் மாற்றி, நிறுத்தாமல் கொடுத்தேன். காதைப் பிடித்து இழுக்கவில்லை, வலியில் வீறிடவும் இல்லை. தாய்ப்பால் நிறுத்திய குழந்தைக்கு உறிஞ்சு குவளையில் தண்ணீர் கொடுத்தாலும் போதும், விழுங்க வேண்டும் என்பதே கணக்கு. ஆனால் விமானம் ஏறிய உடனேயே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பசி மிச்சம் இருக்க வேண்டும்.

மீனம்பாக்கத்தில் பெட்டி வர நேரமானது, டாக்சி கிடைத்தது, வீடு வந்து சேர்ந்தோம். அந்தமான் சூரியன் மட்டும் அவளை விடவில்லை. சென்னை இருட்டில் ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்து "கப்பல், கப்பல்" என்றாள். இரவுத் தூக்கத்தைத் தினமும் கால் மணி நேரம் தள்ளித் தள்ளித்தான் பழைய நேரத்துக்குக் கொண்டுவந்தோம். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போது அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.