இடுப்பளவுக் கடல்: பூல் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாலையில் ஹாம்வொர்தி பூங்காக் கரையில் நடந்தேன். நீர் வற்றிக் கிடந்ததால் வெகுதூரம் வரை சேறு தெரிந்தது. புதிதாக வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இந்தச் சேற்றின் மேல் ஒரு பிரியம். தென் இங்கிலாந்தின் கடலோர ஊரான பூலின் கதையே அதில்தான் இருக்கிறது. இந்தத் துறைமுகம் ஒரு காலத்தில் ஃப்ரோம், பிடில் என்ற ஆறுகளின் பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளம் மூழ்கியது, மேடுகள் தீவுகளாக எஞ்சின. சுமார் 36 சதுர கிலோமீட்டர் பரப்பு. சராசரி ஆழமோ அரை மீட்டரைக்கூட எட்டவில்லை. பிரான்சின் ஷெர்பூர்க் செல்லும் பெரிய கப்பல், 7.5 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி வைத்த வாய்க்காலில்தான் நகர்கிறது. அந்த வாய்க்காலை விட்டு விலகினால் தரைதட்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கோடைச் செவ்வாய்களில் துறைமுகக் கரை மோட்டார் சைக்கிள்காரர்களுக்குச் சொந்தம். நரைத்த தாடிகள், பளபளக்கும் குரோமியம், வறுத்த மீன் வாசனை. எனக்கு அந்த இரைச்சல் ஒத்துவரவில்லை. கரையோரம் நண்டு பிடிக்கும் பிள்ளைகளை வேடிக்கை பார்ப்பது மேல். கயிற்றின் நுனியில் பன்றி இறைச்சித் துண்டைக் கட்டி இறக்குகிறார்கள். பிடித்ததை வாளியில் வைத்து ரசித்துவிட்டு மீண்டும் நீரிலேயே விடுகிறார்கள். ஒரே நண்டு ஒரு நாளில் எத்தனை வாளிகளைப் பார்க்குமோ!

ஆகஸ்ட் 15, வியாழன்

நல்ல காற்று. சாண்ட்பேங்க்ஸ் சாலையோரம் விட்லி ஏரி என்று அழைக்கப்படும் துறைமுக மூலையில் பாய்ப்பலகைகள் (விண்ட்சர்ஃபிங்) பறந்தன. விழுந்தவர்கள் நீந்தவில்லை; எழுந்து நின்றார்கள். இடுப்பளவு நீர்தான். இங்கிலாந்தில் இந்த விளையாட்டைப் பழக இதைவிட வசதியான இடம் இருக்குமா என்பது சந்தேகம்.

ஆகஸ்ட் 17, சனி

துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவுக்குப் போய் வந்தேன். பிரிட்டனின் பெரும்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் அணில் சிவப்பு அணிலைத் துரத்திவிட்டது. உணவுப் போட்டி ஒரு காரணம், அது சுமந்து வரும் அம்மை நோய் இன்னொரு காரணம். இந்தத் தீவுக்குச் சாம்பல் அணில் வந்து சேரவில்லை. பைன் மரத்தடியில் கால் மணி நேரம் அசையாமல் நின்றதற்குக் கூலியாக ஒன்று காதுகளை விறைத்தபடி இறங்கி வந்தது.

1907 ஆகஸ்டில் பேடன் பவல் சாரணர் இயக்கத்துக்கு முன்னோட்டமாக முகாம் நடத்தியது இங்கேதான். உயர்குடிப் பள்ளிப் பையன்களையும் உள்ளூர்ப் பையன்களையும் ஒரே கூடாரங்களில் கலந்து தங்கவைத்தார். அந்தக் கால இங்கிலாந்தில் அது சிறிய துணிச்சல் அல்ல.

1927இல் தீவை வாங்கிய மேரி போனம்-கிறிஸ்டி பொதுமக்களை உள்ளே விடவே இல்லை. 1961இல் அவர் இறந்தபின், அடுத்த ஆண்டு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குத் தீவு வந்தது. அவரை ஊரார் கடுகடுத்தவர் என்று சொல்லியிருக்கலாம். அவர் அடைத்து வைத்ததால்தான் காடு இவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

பௌர்ணமி கழிந்த பெரிய ஓதம், அதாவது கடல் ஏற்றவற்றம். காலையில் ஏறிய நீர் சற்றே இறங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறி நின்றது. பூலின் இரட்டை ஏற்றம் இதுதான். அருகிலுள்ள வைட் தீவை நீர் சுற்றி வருவதால் இப்படி என்று பலரும் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு: ஆங்கிலக் கால்வாயின் முக்கிய ஓத அலை இந்தப் பகுதியில் மிகவும் தளர்ந்துவிடுகிறது. அதனால் ஆழமற்ற நீரில் பிறக்கும் துணை அலைகள் தலைதூக்குகின்றன. எதிர்க்கரையில் பிரான்சின் சான் மாலோவில் நீர் 12 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும்; இங்கே பெரிய ஓதத்திலும் சுமார் இரண்டு மீட்டர்தான். நீர் நெடுநேரம் நிறைந்தே நிற்பதால்தான் இத்தனை பாய்மரக் கழகங்கள் பிழைக்கின்றன.

ஆகஸ்ட் 24, சனி

திங்கட்கிழமை விடுமுறை என்பதால் சாண்ட்பேங்க்ஸில் கார் வரிசை நீண்டு கிடந்தது. துறைமுகத்தின் குறுகிய வாயைக் கடக்க, 1926 முதல் சங்கிலியில் ஊர்ந்து போகும் படகுதான் வழி. இல்லையென்றால் வேர்ஹாம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நடந்து வந்த நான் வரிசையைத் தாண்டி நேராக ஏறிவிட்டேன். அற்ப மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை.

மறுகரையில் ஸ்டட்லண்ட் மணற்கரை. அதில் ஒரு பகுதி ஆடையில்லாமல் வெயில் காய்பவர்களுக்கு. அறிவிப்புப் பலகை முன்கூட்டியே எச்சரிக்கிறது. நான் அதற்கு முன்பே மணல்மேடுகளுக்குள் திரும்பிவிட்டேன்.

ஸ்டட்லண்ட் விரிகுடாவின் கடற்புல்லில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. உல்லாசப் படகுகளின் நங்கூரமும் சங்கிலியும் அந்தப் புல்லை வேரோடு பெயர்க்கின்றன என்பதால், 2019இல் இது கடல் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. புல் படர்ந்த இடத்தில் நங்கூரம் போடாதீர்கள் என்பது வேண்டுகோள்; படகைக் கட்டிவைக்க, புல்லைச் சிதைக்காத மிதவைகளும் அமைத்திருக்கிறார்கள். தலைமுறையாக இங்கே ஒதுங்கி வந்த பாய்மரக்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல். காற்று மாறினால் தங்க வேறு இடமில்லை என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் மிதவை இருக்கும்போது நங்கூரத்தை இறக்குபவர்களுக்காகப் பரிந்து பேச என்னால் முடியாது.