தாவரவியல் எடுத்தேன், அக்ரி இல்லை

பி.எஸ்சி. தாவரவியலில் சேர்ந்ததும் எங்க அப்புச்சி கேட்ட முதல் கேள்வி, "ஏங்கண்ணு, செடி கொடியப் படிக்கறதுக்குக் கோயமுத்தூருக்கு எதுக்குப் போகோணும்?" என்பதுதான். ஊரில் மற்ற எல்லாரும் நான் அக்ரி படிப்பதாகவே நினைத்துக்கொண்டு, தென்னைக்கு என்ன மருந்து வைக்கலாம் என்று ஃபோன் செய்வார்கள். எனக்கே அந்தக் குழப்பம் இருந்தது. கட்-ஆஃப் பத்தவில்லை, சரி, தாவரவியல் முடித்துவிட்டு எம்.எஸ்சி. அக்ரிக்குள் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். உழவியல் மாதிரியான பிரிவுகளுக்கு பி.எஸ்சி. அக்ரிதான் கேட்பார்கள், வேளாண் அலுவலர் வேலைக்கும் அதே கதைதான் என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. இதை யாராவது சேரும்போதே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அதற்குள் படிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு மூலனூர்ப் பக்கம், கண்வலிக்கிழங்குக் காடு. செங்காந்தள் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும், எங்களுக்கு அது கண்வலி. காலையில் கொடிகளுக்கு நடுவே நின்று ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைப்போம், அப்படிச் செய்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. இரண்டாம் ஆண்டில் அந்தப் பூவை அறுத்துப் பார்த்தபோது, சூல்தண்டு மகரந்தப்பையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நின்றது, மகரந்தம் தானாக அதன் நுனிக்குப் போய்ச் சேருவது கஷ்டம், விடை அங்கேயே கிடந்தது. அப்புறம் செல்லியல் வகுப்பில் கொல்கிசின் வந்தது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் உருவாகாமல் தடுத்து, குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் பொருள். எங்கள் காட்டு விதையை வியாபாரி எடை போட்டு வாங்கிப்போவதே இந்தக் கொல்கிசினுக்காகத்தான்! கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் வேலை செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், பிற்பாடு இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்கு இதைத்தான் வைத்துப் பார்த்தார். அன்று சாயங்காலம் அப்புச்சிக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன், அவருக்குப் பாதி புரிந்திருக்கும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ்சி. முடித்ததும் வாழைத் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில், அதாவது சிறு திசுத் துண்டைக் கிருமியில்லாத பாட்டிலில் கன்றாக்கும் இடத்தில், சேர்ந்தேன். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் கை பழகியது அங்கேதான். முதல் மாதமே, இடுக்கியைத் தீயில் சரியாகக் காட்டாமல் விட்டு, ஒரு அலமாரி பாட்டில் முழுக்கப் பூஞ்சை பிடித்துத் தூக்கிக் கொட்டினோம். கல்லூரி ஆய்வகத்தில் மூன்று பாட்டில் செய்தவனுக்கு முந்நூறு பாட்டிலில் என்ன ஆகும் என்பது அப்போதுதான் புரியும். பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வுக்குப் போனவர்கள் என் வகுப்பிலேயே அதிகம், அது தெரிந்த வழி. இந்திய வனப்பணிக்கும் தாவரவியல் பட்டம் போதும், விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம், ஆனால் முதல்நிலைத் தேர்வு குடிமைப் பணித் தேர்வோடு சேர்ந்தது என்பதால் தனியாக இரண்டு வருடமாவது ஒதுக்க வேண்டும்.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். நான் முதல் முறை தோற்றது அறியாமையால் இல்லை, பேராசையால். லைஃப் சயின்சஸ் தாள் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். சி பகுதியில் 75 கேள்வி இருக்கும், 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தப்பினால் கால் பங்கு போகும். நான் நோய் எதிர்ப்பியல் வரை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து எதிலும் ஆழமில்லாமல் போனேன். இரண்டாம் முறை தாவரச் செயலியல், சூழலியல், பரிணாமம், உயிரினப் பன்மை ஆகியவற்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மூலக்கூறு உயிரியலை மட்டும் சேர்த்துக்கொண்டேன். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி, வீட்டில் கைநீட்ட வேண்டியதில்லை.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் பருவத்திலிருந்தே கலைச்சொற்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள், நெட் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இன்னொன்று, கல்லூரியில் பெந்தம் - ஹூக்கர் என்ற பழைய தாவர வகைப்பாடு படித்து அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதில் எங்கள் கண்வலி லில்லியேசியே குடும்பம், டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பிரிக்கும் இன்றைய ஏ.பி.ஜி. முறையில் கொல்கிகேசியே.

உலர்தாவரத் தாள் செய்வதை மதிப்பெண்ணுக்கான வேலையாக மட்டும் பார்க்காதீர்கள். மருதமலைப் பக்கம் போய் நானே பறித்து, அழுத்தி, காகிதம் மாற்றி, ஒட்டியவை நாற்பது தாள். முனைவர் பட்ட நேர்காணலில் ஒரு பேராசிரியர் ஜன்னல் வழியே ஒரு மரத்தைக் காட்டி, "அது என்ன குடும்பம்?" என்று கேட்டார். சீமைக்கருவேலம், குடும்பத்தைச் சட்டென்று சொல்லிவிட்டேன். நெட் மதிப்பெண்ணைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேச்செடுக்கவே இல்லை.